தைக்காமல் விட்ட ஐந்து சென்டிமீட்டர்

26 வருடமாகத் துணி தைக்கிறேன். ஒரு கிழிசலைக் கண்டால் கை தானாக ஊசியைத் தேடும். அதனால்தானோ என்னவோ, குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) அறுவை சிகிச்சை முடிந்த நான்காம் நாள் வயிற்றுக் கட்டைப் பிரித்துப் பார்த்தபோது வலியைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. தொப்புளுக்கு மேலே தொடங்கி நேராகக் கீழே இறங்கும் 16 செ.மீ. வெட்டு. மேலே 11 செ.மீ. உலோகப் பின்களால் மூடியிருந்தது. கீழே 5 செ.மீ. திறந்தே கிடந்தது. அதற்குள் ஈரமான காஸ் துணியைத் திணித்திருந்தார்கள்.

"இதை ஏன் தைக்காம விட்டுட்டீங்க?" என்று நர்ஸிடம் கேட்டேன்.

"உள்ளே தசை உறையைத் தைச்சாச்சும்மா. மேலே தோலையும் தைச்சா சீழ் உள்ளேயே மாட்டிக்கும். இது அடியிலிருந்து வளர்ந்து மேலே வரணும். நீங்க சுத்தமா வச்சுக்கோங்க, மிச்சத்தை உடம்பு பார்த்துக்கும்."

அந்த 5 செ.மீ. மூட 47 நாள் ஆனது. தினமும் கட்டு மாற்றும்போது அதைப் பார்த்தேன். அதுவரை என் வயிற்றை நான் இவ்வளவு நேரம் பார்த்ததே கிடையாது. பெரிய காயமோ அறுவை சிகிச்சையோ முடிந்து வீட்டுக்கு வந்திருப்பவர்களுக்கும், தழும்போடு இருக்கும் தங்கள் உடம்பைப் பார்க்கவே பிடிக்காதவர்களுக்கும் என் அனுபவம் உதவும் என்று எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் காயத்துக்கு உங்கள் மருத்துவர் சொன்னது வேறாக இருந்தால் அதையே கேளுங்கள்.

முதலில், எதற்குக் காத்திருக்கக் கூடாது

என் நிலைமை அவ்வளவு மோசமானதற்கு நான் தாமதித்ததே காரணம். முதல் நாள் தொப்புளைச் சுற்றி மந்தமான வலி. சாப்பாடு வேண்டாம் என்றிருந்தது. அடுத்த நாள் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கியது. நடந்தால் ஒவ்வொரு எட்டுக்கும் சுள்ளென்று குத்தியது. லேசான காய்ச்சலும் வந்தது. 'உடம்புக்குத் தெரியும், தானாகச் சரியாகும்' என்று படுத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை வலி சட்டென்று குறைந்தது. நான் சந்தோஷப்பட்டேன். குடல்வால் வெடித்த நேரம் அதுதான். வீங்கி விம்மியிருந்தது வெடித்தால் சிலருக்கு வலி கொஞ்ச நேரம் அடங்கும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். சாயங்காலம் வயிறு முழுக்கப் பலகை மாதிரி இறுகிவிட்டது.

உடம்பு தானே ஆறிக்கொள்ளும் என்பதை இன்றும் முழு மனதாக நம்புகிறேன். குடலின் உள்பூச்சு சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிறது. தோலின் மேலடுக்கு மாறச் சுமார் ஒரு மாதம் ஆகும். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். எலும்பு முறிந்தால் ஒட்டும், கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்தாலும் மீதி வளரும். ஆனால் பல் எனாமல் போனால் வளராது. மூட்டுக் குருத்தெலும்பு சரியாக ஆறுவதில்லை. மாரடைப்பில் இறந்த இதயத் தசையின் இடத்தில் தழும்புதான் வரும். அடைத்துக்கொண்ட குடல்வாலில் கிருமி பெருகும்போது ஒருவர் உள்ளே போய் அதைச் சரிசெய்தால்தான் உடம்பு தன் வேலையைத் தொடங்க முடியும்.

ஆகவே வீட்டில் காயத்தைக் கவனிக்கும்போது, கீழே சொல்வதில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள்: 38 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் காய்ச்சல், காயத்தைச் சுற்றிய சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது, சீழ், கெட்ட வாடை, குறைந்துகொண்டு வந்த வலி மறுபடி கூடுவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ காயம் திடீரென்று வாய் பிளந்தாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். சிவப்பின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு வைத்தால் பரவுகிறதா என்று மறுநாளே தெரிந்துவிடும். கரும்பழுப்புத் தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. புறங்கையை வைத்துச் சூட்டையும், விரலால் அழுத்திக் கெட்டித்தன்மையையும் பாருங்கள்.

உடம்பு எப்படித் தைக்கிறது

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குப் பொறுமை வந்தது.

வெட்டு விழுந்த சில நிமிடங்களிலேயே ரத்தத் தட்டணுக்கள் கூடி அடைக்கின்றன. அவற்றின் மேல் ஃபைப்ரின் என்ற புரதம் வலை போலப் பின்னுகிறது. உண்மையிலேயே நூல்தான் அது, நுண்ணோக்கியில் எடுத்த படத்தில் நூல்கண்டு சிக்கிக் கிடப்பது போலவே இருக்கும். அப்புறம் சில நாட்களுக்குச் சிவப்பு, சூடு, வீக்கம், வலி. இந்த நான்கையும் ரோமானியரான செல்சஸ் முதலாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். நான் இதைப் பார்த்துப் பயந்தேன். ஆனால் இந்தக் கட்டத்தில்தான் வெள்ளணுக்கள் வந்து கிருமியையும் செத்த திசுவையும் அப்புறப்படுத்துகின்றன. பழைய துணியைத் திருத்தித் தைக்கும்போது, முதலில் இற்றுப்போன நூலை எல்லாம் பிரித்து எடுக்கிறோம் இல்லையா, அதே வேலை.

மூன்று நான்கு நாளில் அடுத்த கட்டம். ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் வந்து கொலாஜன் இழைகளைப் போடுகின்றன. என் திறந்த காயத்தின் அடியில் பத்தாம் நாள்போல மாதுளை நிறத்தில் சின்னச் சின்ன மணி மணியாக ஏதோ தெரிந்தது. அழுகிவிட்டதோ என்று நடுங்கினேன். நர்ஸ் சிரித்துவிட்டார். புது ரத்தக்குழாய்கள் நிறைந்த நல்ல திசு அது. காயத்தில் பார்க்க வேண்டியதே அந்த நிறத்தைத்தான். ஓரங்களும் தாமாக உள்நோக்கி இழுத்துக்கொண்டு வரும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவுதான். ஆனால் அளவு நாடா வைத்து வாரம் ஒருமுறை பார்த்தால் கண்கூடாகத் தெரியும். எனக்கு இரண்டாம் வாரம் 5 செ.மீ. 4 ஆனது. நான்காம் வாரம் இரண்டரை.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான். முதலில் போடும் கொலாஜன் மூன்றாம் வகை. மெல்லியது, அவசரத்துக்கு இடத்தைப் பிடித்து நிறுத்துவது. அதை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிட்டு முதலாம் வகை என்ற உறுதியான கொலாஜனைப் போடுகிறது. நாங்கள் முதலில் ஓட்டுத்தையல் போட்டு நிறுத்தி, மிஷின் தையல் போட்ட பிறகு ஓட்டுத்தையலைப் பிரித்து எடுப்போம். அதையேதான் உடம்பும் செய்கிறது. இந்த மாற்று வேலை ஒரு வருடமும் அதற்கு மேலும் நடக்கும். மூன்றாம் வாரத்தில் வெட்டுப்பட்ட இடத்துக்குப் பழைய தோலின் பலத்தில் நான்கில் ஒரு பங்குதான் இருக்கும். மூன்று மாதத்தில் 80 சதவீதம் வரை வரலாம். முழுதாக என்றைக்கும் திரும்பாது. தோலில் கொலாஜன் குறுக்கும் நெடுக்குமாகக் கூடை போலப் பின்னியிருக்கும். தழும்பில் ஒரே திசையில் அடுக்கியிருக்கும். அதனால்தான் தழும்பு இழுவைக்கு அவ்வளவாகக் கொடுப்பதில்லை.

மூன்றாம் வாரம், பின் போட்ட மேல் 11 செ.மீ.-இல் தோல் மூடியதும் 'ஆறிவிட்டது' என்று நினைத்தேன். ஒரு துணிக்கட்டைத் தூக்கினேன், எட்டு கிலோ இருக்கும். கீழ்க்காயத்திலிருந்து நீரும் ரத்தமும் கசிந்தது. கால்வாசிப் பலத்தில் இருந்த தையலை இழுத்துவிட்டேன். வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆறு வாரமாவது நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று என்னிடம் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். தயவுசெய்து கேளுங்கள்.

தினசரி வேலை

கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். எல்லாவற்றிலும் இதுதான் முக்கியம். காயத்தைச் சுத்தமான நீர் அல்லது மருத்துவமனையில் தரும் உப்புக்கரைசலால் கழுவினால் போதும். ஸ்பிரிட்டோ ஹைட்ரஜன் பெராக்ஸைடோ ஊற்றாதீர்கள். நுரைத்துப் பொங்குவதைப் பார்த்தால் சுத்தமாவது போலத் தோன்றும். ஆனால் கிருமியோடு சேர்த்து, புதிதாக முளைக்கும் செல்களையும் அது எரித்துவிடும்.

'காயத்தைக் காற்றாட விடு, காய்ந்து பொருக்குத் தட்டட்டும்' என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் சோதித்தார். மூடி ஈரப்பதமாக வைத்த காயங்களில் புதுத் தோல், காய விட்ட காயங்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. பொருக்கு இருந்தால் செல்கள் அதன் அடியில் குடைந்துகொண்டு போக வேண்டியிருக்கும், ஈரம் இருந்தால் வழுக்கிக்கொண்டு நகர்ந்துவிடும். சொதசொதவென்று ஊறிப்போகவும் கூடாது. சுற்றியுள்ள நல்ல தோல் வெளுத்துச் சுருங்கினால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், கட்டை இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

புரதம் சாப்பிடுங்கள். கொலாஜனே புரதம்தான், நூல் இல்லாமல் எதைத் தைப்பது? சாதாரணமாக உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் போதும் என்பார்கள். பெரிய காயம் ஆறும் காலத்தில் 1.2 முதல் 1.5 கிராம் வரை தேவைப்படும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம். வைட்டமின் சி இல்லாவிட்டால் கொலாஜன் இழை முறுக்கேறாது. அந்தக் காலத்துக் கடலோடிகளுக்கு ஸ்கர்வி வந்தபோது, பல வருடங்களுக்கு முன் ஆறிய தழும்புகூடப் பிளந்துகொள்ளுமாம். தழும்பில் கொலாஜனைப் பிரிப்பதும் போடுவதும் நிற்காமல் நடப்பதால்தான் அப்படி. புகைபிடிப்பவர்கள் இந்தக் காலத்திலாவது நிறுத்துங்கள். நிகோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்குகிறது, காயத்துக்குப் போகும் ஆக்சிஜன் குறைந்துவிடும். சர்க்கரை நோய் இருந்தால் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைப்பதே பாதி மருந்து.

எழுந்திருப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நேராக எழக் கூடாது. முழங்காலை மடித்து, ஒருக்களித்துப் புரண்டு, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இருமலோ தும்மலோ வந்தால் ஒரு சிறு தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் அதற்கென்றே மிச்சத் துணியில் ஒன்று தைத்து வைத்திருந்தேன். ஆறு வாரமும் அது கூடவே இருந்தது. அப்புறம் நடை. முதல் நாளிலிருந்தே மெதுவாக, வீட்டுக்குள்ளேயே. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம், நுரையீரலில் சளி தங்கும்.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நான் அதை மதிக்காதவள். இரவு 12 மணி வரை மிஷினில் உட்காருவது எனக்குப் பெருமையாகவே இருந்தது. திசுக்களைப் புதுப்பிக்கத் தூண்டும் வளர்ச்சி ஹார்மோன் ஆழ்ந்த தூக்கத்தில்தான் மிகுதியாகச் சுரக்கிறது. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முற்பகுதியில் வரும். தூக்கம் மட்டுமில்லை, மன அழுத்தமும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். 1995-இல் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் அதைப் பற்றி ஓர் ஆய்வு செய்தார்கள். மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்களுக்கும், அப்படிப் பொறுப்பில்லாத 13 பெண்களுக்கும் கையில் ஒரே அளவில் சின்னக் காயம் ஏற்படுத்திப் பார்த்தார்கள். பராமரிக்கும் பெண்களுக்குக் காயம் ஆற ஒன்பது நாள் கூடுதலாக ஆனது. மாமியாரைப் படுக்கையில் வைத்து நான்கு வருடம் பார்த்தவள் நான். இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன், உதவி கேளுங்கள். 'யாராவது உதவினால் நன்றாயிருக்கும்' என்று பொதுவாகச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள். என் அக்காவிடம், "அக்கா, இந்த ஆறு வாரம் துணி துவைக்கிறதும் சாயங்காலச் சமையலும் உன் பொறுப்பு" என்றேன். "இதைச் சொல்ல உனக்கு இத்தனை நாளாச்சா?" என்றாள். எந்த வேலை, எந்த நேரம், எத்தனை நாள் என்று குறித்துக் கேளுங்கள்.

கண்ணாடி முன்னால்

காயம் மூடிய பிறகுதான் கஷ்டமான வேலை தொடங்கியது. குளிக்கும்போது கீழே பார்க்கமாட்டேன். உடை மாற்றும்போது விளக்கை அணைப்பேன். 'உன் உடம்பை நேசி' என்று பலரும் சொன்னார்கள். கட்டளை போட்டால் நேசம் வருமா? எனக்கு வரவில்லை.

எனக்கு உதவியது என் தொழில்தான். வாடிக்கையாளர் ஒருவருக்கு அளவு எடுக்கும்போது 'இடுப்பு 38' என்று எழுதுவேன். அது எனக்கு வசவும் இல்லை, பாராட்டும் இல்லை. வலது தோள் இடதைவிட ஒன்றரை செ.மீ. தாழ்வு என்றால் அப்படியே எழுதி, அதற்கேற்ப வெட்டுவேன். இத்தனை வருடத்தில் இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோல் இருந்த ஓர் உடம்பை நான் அளந்ததில்லை. அமெரிக்க விமானப்படையிலும் இதைக் கண்டுபிடித்தார்கள். 1950-இல் 4,063 விமானிகளை அளந்தார்கள். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் அதில் 10 அளவுகளை எடுத்துக்கொண்டு, பத்திலும் சராசரியை ஒட்டி இருப்பவர் எத்தனை பேர் என்று தேடினார். ஒருவர்கூட இல்லை. அதன் பிறகு, ஆளுக்குத் தகுந்தாற்போல் இருக்கையை மாற்றிக்கொள்ளும்படி விமானத்தைச் செய்யச் சொன்னார்கள்.

அதனால் என் வயிற்றையும் அளவுப் புத்தகத்தில் எழுதினேன். நீங்களும் இப்படித் தொடங்கலாம். முதல் வாரம் முழுக்கண்ணாடி வேண்டாம், கைக்கண்ணாடி போதும். ஒரு நிமிடம் மட்டும். பார்த்ததை அளவாக மட்டும் எழுதுங்கள்: நீளம் 16 செ.மீ. அகலம் மேலே 3 மி.மீ., கீழே 12 மி.மீ. நிறம் ஊதா கலந்த சிவப்பு. தொப்புள் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. 'அசிங்கம்', 'பாவம்', 'பழைய மாதிரி' போன்ற சொற்கள் வந்தால் அடித்துவிட்டு மறுபடி எண்ணாக எழுதுங்கள். இரண்டாம் வாரம் விரலால் தொடுங்கள். மூன்றாம் வாரம் விளக்கைப் போட்டு உடை மாற்றுங்கள். ஒரு நாள் முடியவில்லையா, விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். மாதக்கணக்கில் அந்த உடம்பைப் பார்க்கவே முடியாமல், சாப்பாடும் தூக்கமும் கெட்டால் மனநல ஆலோசகரிடம் போங்கள். அதுவும் காயத்துக்குக் கட்டுப் போடுவது போலத்தான்.

அடுத்தது உடை. சேராத பழைய உடைகளை அலமாரியில் வைத்துக்கொண்டு தினமும் பார்ப்பது தன்னைத் தானே குத்திக்கொள்வது. எடுத்துவிடுங்கள். பிடித்தமானவற்றைப் பிரித்துப் பெரிதாக்கலாம், இரண்டு பக்கத் தையலிலும் முன்துணியிலும் பின்துணியிலும் தலா ஒரு செ.மீ. பிரித்து விட முடிந்தாலே இடுப்பில் நான்கு செ.மீ. கூடும். இடுப்புப்பட்டை தழும்பின் மேல் உட்காராதபடி மேலேயோ கீழேயோ மாற்றுங்கள். பட்டன், ஜிப், கெட்டியான உள்தையல் எதுவும் அந்த இடத்தில் உரசக் கூடாது. நிறைய பேர் தங்கள் உடம்பைக் குறை சொல்லிக்கொண்டே என்னிடம் வருகிறார்கள். பத்தில் எட்டுத் தடவை குறை துணியை வெட்டிய விதத்தில்தான் இருக்கும்.

மற்றவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரி தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. "பெரிய ஆபரேஷன், இப்போ நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு நான் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன்.

தழும்பு

துணிக்கு நெடுக்கு, குறுக்கு, கிராஸ் என்று இருப்பது போலத் தோலுக்கும் ஓட்டம் இருக்கிறது. 1861-இல் வியன்னாவில் கார்ல் லாங்கர் என்ற உடற்கூற்றியலாளர் சடலங்களின் தோலில் வட்டமான ஊசியால் குத்தினார். துளைகள் வட்டமாக நிற்காமல் நீளவாக்கில் இழுத்துக்கொண்டன. அந்த இழுப்பின் திசைகளை அவர் வரைபடமாக்கினார். வயிற்றில் அது பெரும்பாலும் குறுக்கே ஓடுகிறது. என் வெட்டு நெடுக்கே. அதனால் தழும்பு அகலமாக வந்ததில் வியப்பில்லை. அவசரத்தில் வயிற்றுக்குள் எல்லா இடத்தையும் பார்த்துக் கழுவ அந்த வெட்டுதான் சரி.

காயம் முழுதாக மூடி, பொருக்கெல்லாம் உதிர்ந்த பிறகு, மருத்துவர் சரி என்றால் தழும்பைப் பிடித்துவிடலாம். வாசனை இல்லாத சாதாரணக் களிம்பு போதும். விரல் நுனியால் தோல் வெளுக்கும் அளவு அழுத்தி, மேலும் கீழும், பக்கவாட்டில், வட்டமாக. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை. விரல் தோலின் மேல் வழுக்கினால் பயனில்லை, தோல் அடித்திசுவின் மேல் நகர வேண்டும். தடித்த தழும்புக்கு சிலிக்கோன் ஜெல் தாள் உதவும். வைட்டமின் ஈ எண்ணெயைப் பலர் சொல்வார்கள். அது தழும்பைக் குறைப்பதாக நிரூபணம் இல்லை, சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும். வெயில் படும் இடமென்றால் ஒரு வருடமாவது மூடியே வையுங்கள், இல்லாவிட்டால் நிறம் கருத்து நின்றுவிடும். தழும்பு பழைய எல்லையைத் தாண்டி நல்ல தோலின் மேலும் வளர்ந்தால் அது கீலாய்டு, தோல் மருத்துவரைப் பாருங்கள்.

மரத்துப்போன இடத்தைப் பற்றி யாரும் என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. தழும்பின் இடப்பக்கம் ஒரு பெரிய கோட்டுப் பொத்தான் அளவுக்கு உணர்ச்சியே இல்லை. வெட்டுப்பட்ட நரம்பு நன்றாக வளர்ந்தாலே நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர், பல நேரம் அதைவிட மெதுவாக வளரும். வளரும்போது எறும்பு ஊர்வது போலவும் சுருக் சுருக்கென்றும் இருக்கும். சில இடத்தில் உணர்ச்சி திரும்பாமலே போகலாம். அந்த இடத்தில் வெந்நீர்ப்பை வைக்காதீர்கள், சுட்டாலும் தெரியாது.

நான் மாதம் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு, பருத்தி நூலின் நுனியை வெளியிலிருந்து தழும்பை நோக்கி மெதுவாக இழுத்துக்கொண்டு வருவேன். எங்கே தொடுவது தெரியாமல் போகிறதோ அங்கே நிறுத்தி, தொப்புளிலிருந்து நாடா பிடித்து அளந்து புத்தகத்தில் எழுதுவேன். ஆறாம் மாதம் 31 மி.மீ. பத்தாம் மாதம் 26. இப்போது பதினான்காம் மாதம், 22.